எஸ்ஸன் பீரங்கியும் நார்வே தீப்பெட்டியும்

ஆல்ஃபிரட் க்ரூப் என்றால் சும்மாவா? ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து எஃகு மகாராஜா. 'பீரங்கி ராஜா' என்றே பட்டம். குதிரைச் சாண வாசனை மூளையைக் கிளறிவிடும் என்று நம்பி, லாயத்துக்கு மேலேயே எழுத்தறை வைத்துக்கொண்டவர் என்பார்கள். மேதைகளிடம் இதையெல்லாம் கேட்கக் கூடாது.

1867 பாரிஸ் பொருட்காட்சியில் 50 டன் பீரங்கி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றாம் நெப்போலியன் விருது கொடுத்து அனுப்பினார். மறு வருஷம் க்ரூப் கேட்லாக்கை நீட்டியதும் பிரெஞ்சுக்காரர்கள் 'வேண்டாம்' என்று கையை விரித்துவிட்டார்கள். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மன் நாடான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது; சரக்கு தானாகவே பாரிஸ் வாசலுக்கு வந்தது. ஃப்ரீ டெலிவரி, பிரஷ்யப் படையோடு.

ரோடு, ரயில், தந்தி எல்லாம் கட். ஓர் எலி தப்ப முடியாது என்பார்களே, அந்த மாதிரி முற்றுகை. (எலிகளை உள்ளே இருந்தவர்களே பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.) மிச்சமிருந்தது ஆகாயம்தான். செப்டம்பர் 23 அன்று தபால் மூட்டையோடு ஒரு பலூன் பிரஷ்யர்களின் தலைக்கு மேலாகவே போய்ச் சேர்ந்தது. அக்டோபர் 7 அன்று உள்துறை மந்திரி கம்பெட்டாவே கூடையில் ஏறிவிட்டார்! கீழிருந்து படபடவென்று சுட்டார்கள். கடைசியில் மந்திரியின் பலூனைப் பிடித்தது ஓர் ஓக் மரம்.

பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு வந்ததே கோபம். பிடிபடும் பலூன்காரர்களை உளவாளிகளாக நடத்துவோம் என்று மிரட்டினார். சரி, முதலில் பிடிக்க வேண்டுமே?

கூப்பிடு க்ரூப்பை! குதிரை வண்டியில் ஒரு தண்டு, அதன் மேல் எந்தப் பக்கமும் திருப்பி, வானத்தைப் பார்த்து நிமிர்த்தக்கூடிய குட்டிப் பீரங்கி. வாய் அகலம் நாலு சென்டிமீட்டர்கூடக் கிடையாது. உலகின் முதல் விமான எதிர்ப்புப் பீரங்கி இதுதான் என்பார்கள், விமானமே பிறக்காத காலத்தில்.

யோசித்துப் பாருங்கள். பலூன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட ஒரு கருவி கிடையாது, எல்லாம் கண்மதிப்பு. பலூனுக்கு ஸ்டியரிங்கும் கிடையாது. எங்கே போகிறோம் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாதபோது, கீழே குறி பார்க்கிறவர் பாவம், என்ன செய்வார்?

ஆனாலும் பீரங்கிக்குப் பலன் இருந்தது. பயந்துபோன பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரியில் பறக்க ஆரம்பித்தார்கள். நவம்பர் 24 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கிளம்பிய ஒரு பலூனில் இரண்டு பேர். விடியற்காலையில் கீழே ரயில் ஓடும் சத்தம். ஆகா, ஊர் வந்துவிட்டது! பனி விலகியதும் பார்த்தால் கடல் அலை. கடைசியில் ஒரு பனிமலையில் விழுந்து எழுந்து, தீப்பெட்டி லேபிளைப் படித்துத்தான் வந்திருப்பது நார்வே என்று தெரிந்துகொண்டார்களாம். பாரிஸிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல்.

பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் கதை இன்னும் மோசம். 1868-இல் நம் குண்டூருக்கு வந்து சூரிய கிரகணம் பார்த்துப் புகழ் பெற்றவர். டிசம்பர் கிரகணத்தைப் பிடிக்க முற்றுகையிலிருந்து பலூனில் தப்பி, பிரஷ்யர்களுக்கு டிமிக்கி கொடுத்து, அல்ஜீரியாவின் ஓரான் வரை போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அங்கே மேகமூட்டம்.

அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் கிளம்பின. சிக்கியவை சொற்பம். அதில் ஒன்று காற்றடித்து நேரே பவேரியாவில் போய் இறங்கியது! க்ரூப் பீரங்கியால் முடியாததைக் காற்று செய்துகொடுத்தது, பைசா செலவில்லாமல்.

இதையெல்லாம் பார்த்த ஜெர்மானியர்கள் அடுத்த போருக்குள் வானத்தை நோக்கிப் பீரங்கிகளாக நட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1914-இல் போர் தொடங்கும்போது மொத்தம் 18. ஆகாயம் தங்கள் செப்பலின் ஆகாயக் கப்பல்களின் சொந்த வீடு என்று நினைப்பு. ஆகஸ்ட் 23 அன்று 'இசட் 8' என்ற செப்பலின் எதிரியைத் தேடிக் கிளம்பியது. எல்லையைத் தாண்டுவதற்குள் சொந்தச் சிப்பாய்களே அதைச் சுட்டார்கள். மீதியைப் பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்து நாலு வருஷத்தில் குறி நன்றாகவே தேறியிருந்தது.