கூலியைப் பேசிட்டு மலை ஏறுங்க

சனிக்கிழமை ஊட்டியில ஒரு கச்சேரி, ஞாயித்துக்கிழமை குன்னூர்ல ஒண்ணு, திங்கக்கிழமை காலையில சென்னையில ஆபீசு. திட்டம் ரொம்ப ஜோரு தம்பிகளா. அந்தக் கால ராஜாக்கள் திக்விஜயம் போனா மாசக்கணக்குல ஆகும்; நீங்க ரெண்டு நாள்ல முடிச்சுட்டுத் திரும்பிருவீங்க. டெம்போ டிராவலருக்குள்ள டிரம் செட்டு, கிதாரு, கீபோர்டு, அதுக்கு மேல படம் புடிக்க ஒரு ஆளு. பாடுற புள்ளைக்குத் தொண்டை கட்டினாலும் பரவாயில்லை, படம் புடிக்கிறவன் விட்டுப் போயிரக் கூடாது பாருங்க.

இ-பாஸ் எடுத்தாச்சா? 2024 மே 7-ல இருந்து நீலகிரி ஏற அது வேணும், ஐகோர்ட்டு உத்தரவு. 2025 சீசன்ல வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 வண்டின்னு கணக்கும் கட்டினாங்க. எங்க டி.என். 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு விஷயத்துலயாவது நாங்க ஒசத்தி. கல்லார் சோதனைச் சாவடி தாண்டும்போது பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருந்தா வாங்கி வச்சுக்குவாங்க. வாக்குவாதம் பண்ணாதீங்க. "நாங்க ஆர்ட்டிஸ்ட்டுங்க சார்"னு சொன்னா இன்னொரு தடவை பையைத் தொறக்கச் சொல்லுவாங்க.

சீசன்ல ஏறுறது பர்லியார், குன்னூர் வழி. இறங்குறது கோத்தகிரி வழி. குன்னூர் பாதையில கொண்டை ஊசி வளைவு 14. வளைவுக்கு ஒரு பாட்டுன்னு ஆரம்பிப்பீங்க, நாலாவது வளைவுல பேஸ் கிதார்காரன் ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டிருவான். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வச்சுக்குங்க. இறங்கும்போது டிரைவரை ரெண்டாவது கியரை விட்டு மாத்த விடாதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சக்கரத்துல கருகுன வாசம் வரும். அதை நேத்து ராத்திரி உங்க பாட்டு கிளப்பின சூடுன்னு நெனைச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காதீங்க.

இந்த மலையில ஊர் ஊராப் போய் வாசிக்கிறதை நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு நெனைப்பு இருக்குமே, அதையும் அந்தச் சாவடியிலயே பாட்டிலோட ஒப்படைச்சுருங்க. கோத்தர்னு ஒரு ஜனம் இருக்கு. மொத்தம் ஏழே ஊரு. கோத்தகிரிங்கிற பேரே அவங்களால வந்ததுதான். இரும்படிப்பாங்க, மரம் இழைப்பாங்க, அவங்க பொம்பளைங்க பானை வனைவாங்க. அதுக்கு மேல வாத்தியம். ஊதுறதுக்கு கொள்ளுன்னு ஒரு குழல், நாயன ஜாதி. மூச்சு விடாம ஊதுவாங்க, அதாவது நாம எப்ப மூச்சு விடுறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்து ஏமாந்து போவோம். கூட மத்தளம், தப்பட்டை, வளைஞ்ச கொம்பு. அந்தக் காலத்துல, இதே மலையில இருக்குற படுகர் ஊர்லயோ, தோடர் குடியிருப்பான மந்துலயோ சாவுன்னா ஆள் வந்து சொல்லும். சோலையும் புல்வெளியும் தாண்டி நடந்தே போவாங்க. டெம்போவும் கிடையாது, சவுண்டு இன்ஜினியரும் கிடையாது.

அவங்ககிட்ட ஒரு ஒழுங்கு உண்டு. சாமிக்கு வாசிக்கிற மெட்டு வேற, சாவுக்கு வாசிக்கிற மெட்டு வேற. ஒண்ணை இன்னொண்ணுல கலக்க மாட்டாங்க. ஹார்வர்டுல இசை சொல்லிக் குடுக்குற ரிச்சர்ட் உல்ஃப் வந்து அவங்க கூடவே இருந்து, இதையெல்லாம் கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். நீங்க பொறந்தநாள் விருந்துல போய் காதல் தோல்விப் பாட்டா அடுக்குறீங்க. கேக்கு வெட்டுறவன் கத்தியோட அழுவுறான்.

சரி, கூலிக்கு வர்றேன். கோத்தருக்குப் படுகர் வீட்டுல இருந்து அறுவடைக்கு தானியம் வரும். வாத்தியத்துக்கும் இரும்பு சாமானுக்கும் பானைக்கும் சேர்த்து. தானியம் இருந்துச்சு, மரியாதைதான் குறைச்சல். தள்ளித்தான் நிக்கணும். 1930-கள் வாக்குல ரெண்டு பக்கமும் கசந்து, அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சு போச்சு. கோத்தர் வாத்தியம் நின்னுச்சான்னா, அதுதான் இல்லை. கம்பட்டராயர் திருவிழாவுல தங்க சாமிக்கு, தங்க ஜனத்துக்கு, தங்க இஷ்டத்துக்கு இன்னைக்கும் வாசிக்கிறாங்க.

இப்ப ஓட்டலோட உங்க ஏற்பாட்டைச் சொல்லுங்க பார்ப்போம். ரூம் இலவசம், சாப்பாடு இலவசம், "நாலு பேருக்கு உங்களைத் தெரிய வரும்." அடப்பாவிகளா, ஒரு படி தானியம்கூட இல்லையே! டீசல் யாரு போடுறது? அந்த நாலு பேரு யாருன்னாவது விசாரிச்சீங்களா? நான் சொல்றேன்: தேனிலவுக்கு வந்த ரெண்டு ஜோடி. அதுல ஒரு மாப்பிள்ளை எழுந்து வந்து, "பிரதர், இளையராஜா பாட்டு ஒண்ணு போடுங்க"ம்பான். சொந்தப் பாட்டுதான் பாடுவோம்னு கொள்கை பேசுனா ஓட்டல் மேனேஜர் மைக்கை அணைச்சுட்டு டி.வி.யைப் போடுவார். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 19 பேரா மேடை ஏறி கானாவும் ராப்புமா ஒரு கலக்கு கலக்கினாங்க, நெஜம்தான். அவங்களுக்குப் பின்னாடி நீலம் பண்பாட்டு மையம் இருந்துச்சு. உங்களுக்குப் பின்னாடி இருக்குறது டெம்போவோட டிக்கி. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே பேசுங்க. பாதிப் பணத்தை மேட்டுப்பாளையத்துலயே வாங்கிருங்க. மேல ஏறிட்டா சிக்னல் கிடைக்காது, மேனேஜருக்கும் கிடைக்காது.

ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம். கீழ வெயில்ல காஞ்ச கிதாரை மேல வந்ததும் வராததுமா எடுத்தா, குளிர்ல கம்பி இறுகி சுருதி ஏறிக்கும். பெட்டியை மூடினபடியே கொஞ்ச நேரம் கிடக்க விடுங்க, நீங்க போய் வர்க்கியும் டீயும் சாப்பிடுங்க. தோல் வாத்தியம் நேர் எதிர். மூட்டம் பட்டா தொய்ஞ்சு, தட்டினா தொப்புன்னு விழும். கோத்தர் செய்யறதுதான் வழி, தீ மூட்டிக் காட்டணும். வாத்தியத்துக்குன்னு சொன்னா ஓட்டல்காரர் தனியா பில்லு போடுவார். பாட்டுக்காரப் புள்ளைக்குக் குளிருதுன்னு சொல்லுங்க, ஓடி வந்து மூட்டுவார். ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திரணும், அது சட்டம். பத்து மணிக்குத்தான் உங்களுக்குப் பாட்டே வரும்னா, ஆறு மணிக்கு வர்ற மாதிரி பழகிட்டு வாங்க.

காசு வாங்காமத்தான் வாசிப்போம்னு அவ்வளவு ஆசையா இருந்தா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏதாவது எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளிங்க குடியிருப்பு வரிசைக்குப் போங்க. அன்னைக்குத் தேயிலை பறிக்கிற வேலை இல்லை, சனம் வீட்டுல இருக்கும். 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பின்னாடி அங்க இருந்து வந்த குடும்பங்க இந்தப் பக்கம் நெறைய. அவங்களுக்காகத்தான் அரசாங்கம் டேன்டீ தோட்டத்தையே போட்டுச்சு. அந்த வீட்டுப் பெருசுங்க எல்லாம் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காது. பிடிச்சா தாளம் போடும், பிடிக்கலைன்னா "தம்பி, ரெண்டாவது பாட்டு இழுத்துட்டீங்க"ன்னு முகத்துக்கு நேராச் சொல்லும். டீ கண்டிப்பா கிடைக்கும். பெரிய ஸ்பீக்கரை மட்டும் வண்டியை விட்டு இறக்காதீங்க. பக்கத்துத் தேயிலைக்குள்ள காட்டுமாடு படுத்திருக்கும். அது எழுந்து வந்தா கிதார்காரன் கிதாரோட ஓடிருவான், பாடுற புள்ள மைக்கைப் போட்டுட்டு ஓடிரும். டிரம் வாசிக்கிறவன் பாடுதான் கஷ்டம், அவனைச் சுத்தித்தான் அத்தனை சாமானும் இருக்கு.