கரையேறிய படகு, காலியாகாத டேங்க்: கேள்வி-பதில்

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் மோட்டார் படகை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டிய தேவை யாருக்கு?

இரண்டு தரப்பினருக்கு. முதலாவது, கடலோரத்து மீனவர்கள். உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நீளும் கரையில் பெரும்பாலும் பைபர் வள்ளங்களே ஓடுகின்றன. பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்தான் அவற்றுக்கு இன்ஜின். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அமலில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. வள்ளங்களைக் கரையேற்றுவது பெரும்பாலும் ஆனி, ஆடிக் காற்றும் கடல் கொந்தளிப்பும்தான்.

இரண்டாவது, வெள்ள மீட்புக்காகப் படகு வைத்திருப்பவர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அந்த நேரத்தில் கடலோரத்துப் படகுகள் லாரியில் ஏறி ஊருக்குள் வந்தன. வருடம் முழுக்கச் சும்மா நின்றாலும் அப்படி ஒரு நாளில் கயிறு இழுத்தவுடன் பற்ற வேண்டியது மீட்புப் படகு. நின்ற படகு பற்ற மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கில் கிடக்கும் பழைய எண்ணெயைத்தான்.

கேள்வி: கெட்டுப்போக, பெட்ரோல் என்ன பாலா?

பால் அளவுக்கு அவசரம் இல்லை, ஆனால் கெடும். மூன்று வழிகளில் கெடும். ஒன்று, லேசாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் பற்றுவதே அந்தப் பகுதியால்தான். அது போனபின் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் தோள்தான் வலிக்கும். இரண்டு, காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டுப் பெட்ரோலில் பிசின் உண்டாகும். கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்கான ஜெட் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது; அதை அடைக்கத் துளி பிசின் போதும். மூன்று, இன்று பங்கில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. அதனால் இன்ஜினுக்கு முதலில் போவது அந்தக் கலவையே.

வெயிலும் ஈரமும் சேர்ந்த இந்தக் கரையில் பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் கிடப்பது நல்லதல்ல. அவுட்போர்டு மோட்டார் நிறுவனங்கள் பலவும் தங்கள் கையேட்டில் எத்தனாலுக்கு 10 சதவீதமே எல்லை என்று சொல்கின்றன. ஆகவே கையேட்டைப் பார்த்துக்கொள்வதும், பழைய ரப்பர் ஓஸ் இறுகியிருக்கிறதா, ஊறிப்போயிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

கேள்வி: டேங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அது எதற்கு?

டேங்க் மூச்சுவிட. இன்ஜின் எண்ணெயை இழுக்க இழுக்க, காலியாகும் இடத்துக்குக் காற்று வர வேண்டும். திருகு மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், எண்ணெய் வராது. கரையிலிருந்து நன்றாகக் கிளம்பிய வள்ளம் சிறிது தூரத்தில் முக்கி முனகி நின்றுபோனால், ஓஸின் நடுவில் உள்ள ரப்பர் பல்பைப் பார்க்க வேண்டும். அது சப்பிப்போய்க் கிடந்தால், பிளக்கைக் கழற்றுவதற்கு முன் இந்தத் திருகைத் திறந்து பார்ப்பதே முறை. பல நேரங்களில் வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

கேள்வி: ஓடும்போது திறப்பது சரி. நிற்கும்போதும் திறந்தே கிடந்தால் என்ன நஷ்டம்?

நஷ்டமும் உண்டு, ஆபத்தும் உண்டு. பகல் சூட்டில் எண்ணெயும் ஆவியும் விரியும், ஆவி வெளியேறும். இரவில் எல்லாம் சுருங்கும். வெளிக்காற்று உள்ளே போகும். கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும். இப்படித் தினமும் ஒரு மூச்சு என்று இரண்டு மாதம் நடந்தால் பெட்ரோல் குறையும், தண்ணீர் சேரும். ஆயில் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். பெட்ரோல் பறக்கும், ஆயில் பறக்காது. லிட்டருக்கு 20 மில்லி என்று ஐம்பதுக்கு ஒன்றாகக் கலந்தது கெட்டிப்பட்டு, புகையைக் கக்கி, பிளக்கை நனைக்கும்.

ஆபத்து இதைவிடப் பெரியது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிப் போய்விடாது. தரையோடு தவழ்ந்து, படகின் அடிப்பள்ளத்திலும் கொட்டகையின் மூலையிலும் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். தள்ளி எரியும் அடுப்போ, சுவிட்சில் வரும் பொறியோ போதும்.

ஆகவே கையில் தூக்கும் டேங்குக்கு விதி இரண்டே: ஓடும்போது திருகு திறந்திருக்க வேண்டும், நிற்கும்போது மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: மூடி வைத்தால் வெயிலில் டேங்க் உப்பிக்கொள்கிறதே, வெடிக்காதா?

உப்புவது இயல்பு. பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 25 லிட்டர் டேங்கில் 20 டிகிரி ஏறினால் சுமார் அரை லிட்டர் கூடுதல் இடம் வேண்டும். அதற்கு மேல் ஆவியின் அழுத்தமும் சேரும். கழுத்துவரை நிரப்பிய டேங்க் மூடியோரமாகக் கசிவது இதனால்தான். நிரப்பும்போதே இருபதில் ஒரு பங்கு இடம் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. மேல்நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு: அமெரிக்காவில் 2011 முதல் விற்கும் தூக்கு டேங்குகள் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம் வரை தாமாகவே மூடியிருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. டேங்க் நிழலில் இருக்க வேண்டும். இன்ஜினிலிருந்து ஓஸைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டேங்கின் அழுத்தம் எண்ணெயைத் தள்ளிக் கார்புரேட்டர் வழியே வழியவிடும். திறக்கும்போது முதலில் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடிக்கு இடமில்லை.

கேள்வி: படகோடு சேர்த்துப் பதித்த டேங்குக்கும் இதே விதியா?

இல்லை, நேர் எதிர். பதித்த டேங்கிலிருந்து ஒரு காற்றுக்குழாய் படகின் வெளிப்பக்கத்துக்கு வரும். அதை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது. அடைத்தால் டேங்கின் மூட்டுகள் பிளக்க வழி உண்டு. குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் அடைப்பு அடைப்புதான். மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். குழாய் வாயில் சன்னமான கம்பிவலை இருந்தால் நல்லது. படகை மூடும் தார்ப்பாயையும் காற்றோட்டம் இருக்கும்படிதான் கட்ட வேண்டும்.

நிறுத்திவைக்கும்போது பதித்த டேங்கை நிரப்புவதா, காலியாக்குவதா என்ற வழக்குக்குத் தீர்ப்பு இதுதான்: முழுதாக வடிக்க முடிந்தால் வடித்துவிடுவதே மேல். முடியாவிட்டால், புதுப் பெட்ரோலில் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து 95 சதவீதம் நிரப்பி வைக்க வேண்டும். கலந்த எண்ணெய் கார்புரேட்டர் வரை போய்ச் சேர இன்ஜினைப் பத்து நிமிடமாவது ஓட்ட வேண்டும். அரை டேங்க்தான் இரண்டும் கெட்டான்: காற்றுக்கு நிறைய இடம், ஈரத்துக்கும் நிறைய இடம். பழைய பைபர் டேங்குகளின் பிசினை எத்தனால் இளக்கும் என்பதால், அவற்றில் பெட்ரோலைத் தேக்கவே கூடாது.

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லையே?

வேறு கவலை உண்டு. இந்த மோட்டார் பெட்ரோலில் பற்றி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். மாற்றாமல் நிறுத்தினால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கும். அடுத்த முறை பற்றாது. கரையேற்றும் நாளில் இதை மறந்தால் பலன் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். மண்ணெண்ணெய் டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடிக்க வேண்டும்; எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோலப் படியும். மண்ணெண்ணெய் சாது என்ற நம்பிக்கையும் கோடையில் செல்லாது. அதன் தீப்பற்று வெப்பநிலைக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரி. திருநெல்வேலிக் கோடை அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

கேள்வி: படகைக் கரையேற்றும் நாளில் எதற்குப் பின் எது?

முதலில் மோட்டாரின் கால் மூழ்கும்படி ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, அதில் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிரூட்டும் பம்பின் ரப்பர் விசிறி கருகிவிடும். அடுத்து இன்ஜினை நிறுத்தி, ஓஸைக் கழற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள சின்ன ஸ்குரூவைத் திறந்து மிச்ச எண்ணெயை வடிக்க வேண்டும். எண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்துவதும் வழக்கம்தான். ஆனால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. கடைசி நேரத்தில் இரண்டும் சேர்ந்தே குறையும். அதனால் கையால் வடிப்பது நல்லது.

வடித்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் டேங்கின் சேதி தெரிந்துவிடும். அடியில் தனிக்கோடு விழுந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நிறம் கறுத்து வார்னிஷ் வாடை அடித்தால் எண்ணெய் கிழடுதட்டிவிட்டது.

பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்ட வேண்டும். கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேள்வி: டேங்கில் மிஞ்சிய பெட்ரோலை வீட்டில் கேனில் வைத்துக்கொள்ளலாமா?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில், ஒரு பாத்திரத்துக்கு 25 லிட்டருக்கு மிகாமல் வைக்க வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் கேனும் குடிதண்ணீர்ப் பாட்டிலும் அந்தக் கணக்கில் வராது. சமையலறை, படுக்கையறை, படிக்கட்டின் அடி ஆகியவை ஆகாத இடங்கள். ஆயில் கலக்காத நல்ல பெட்ரோலாக இருந்தால் பைக்கில் ஊற்றித் தீர்ப்பதே சுலபம். ஆயில் கலந்ததை டூ-ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருக்கும் இன்னொருவர் உடனே பயன்படுத்தட்டும். காலி டேங்கை வெல்டிங்குக்கு அனுப்புவது பெரும் ஆபத்து. நிறைந்த டேங்கில் ஆவி அடர்ந்திருப்பதால் பற்றுவது கடினம். காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளும் அளவில் கலந்திருக்கும்.

கேள்வி: கெட்டுப்போனதை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் ஓடிப்போகுமே?

ஓடிப்போகும் இடம் குடிதண்ணீர். பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடுகிறது. அந்த வழியில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர்த் திட்டங்களும் வயல்களும் அதை நம்பியே இருக்கின்றன. மணலில் ஊற்றினாலும் கிணற்றுக்கு இறங்கும். கெட்ட எண்ணெயை உலோகக் கேனில் மூடி, மேலே 'கெட்ட எண்ணெய்' என்று எழுதி, கழிவு ஆயில் எடுக்கும் மெக்கானிக் ஷெட்டில் கேட்டுக் கொடுப்பதே சரி.

கேள்வி: மீட்புப் படகின் டேங்கைக் காலியாக வைத்தால் வெள்ளம் வரும் நாளில் என்ன செய்வது?

அதைக் காலியாக வைக்க முடியாது. பழையதாகவும் வைக்கக் கூடாது. மாதம் ஒரு நாள் குறித்து, டேங்கில் உள்ளதை எடுத்து வேறு வண்டிக்கோ மோட்டாருக்கோ கொடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். ஊற்றிய தேதியை டேங்கின் மேலேயே எழுத வேண்டும். அதே நாளில் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, கார்புரேட்டரை வடித்து, ஓஸைக் கழற்றி, திருகை மூடிவிட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் பிளக், ஓஸ், பல்பு மூன்றையும் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு முறை டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.