மூட்டைக்கு நாற்பது வாங்கும் அண்ணனுக்கு

அண்ணே,

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களைத்தான் கூப்பிடுகிறேன். பெயர் வேண்டாம். டெல்டா முழுக்க உங்களுக்கு ஒரே முகம்தான். மூட்டைக்கு நாற்பது ரூபாய் கேட்கிறார்கள் என்று விவசாயச் சங்கங்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வருடம் தவறாமல் எழுந்து நின்று சொல்கின்றன. அதில் பாதிக்கு மேல் மேலே போய்விடுகிறது, மூட்டை தூக்குகிறவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற கூலி டீக்கும் பீடிக்கும் காணாது, அதனால்தான் இந்தக் கணக்கே ஆரம்பித்தது என்பீர்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இரக்கம் காட்டவில்லை. சம்பளத்துக்கு மேல் இப்படி வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

எனக்கும் உங்கள் மேல் அந்தக் கோபம்தான் இருந்தது. இப்போது பரிதாபம்தான் மிச்சம். நெட்வொர்க் மானிட்டரிங் சாஃப்ட்வேர் விற்கிறவர்களின் விலைப்பட்டியலைப் படித்ததிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தொழில் தெரியாமல் தொழில் செய்கிறீர்கள், அண்ணே.

முதலில் சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியிலோ கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ சர்வர், ஸ்விட்ச், ரூட்டர் என்று ஏகப்பட்ட பெட்டிகள் இருக்கும். அவை உயிரோடு இருக்கின்றனவா, எந்த லைனில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது, எதற்கு மூச்சு முட்டுகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுத் திரையில் காட்டுகிற காவல் வேலைதான் இது. பதில் சொல்வது நம் பெட்டி. அது பதில் சொல்கிற முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர், 1988லிருந்து அது ஊர்ப்பொது. ‘இருக்கிறாயா?’ என்று கேட்கிற ‘பிங்’ என்னும் சின்ன நிரலை மைக் மூஸ் என்கிற அமெரிக்கர் 1983 டிசம்பரில் ஒரே இரவில் எழுதி, காசு கேட்காமல் ஊருக்கு விட்டுவிட்டார். கேபிள் நாம் போட்டது. கரண்ட் பில் நாம் கட்டுவது. பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிற கம்ப்யூட்டரும் நம்முடையதே. விற்கிறவர் கொடுப்பது கேள்வியைச் சீராகக் கேட்டு, பதிலை அழகாகப் படம் போடுகிற நிரல். நல்ல வேலை, கூலி கேட்கட்டும். வித்தை இருப்பது எதை எண்ணிக் கூலி கேட்கிறார்கள் என்பதில்.

நீங்கள் மூட்டையை எண்ணுகிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள், 40 கிலோ சாக்கு, யாரும் விரல் விட்டு எண்ணி உங்களை மடக்கிவிடலாம். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்து பெஸ்லர் கம்பெனியைப் பாருங்கள். அவர்களுடைய பி.ஆர்.டி.ஜி. சாஃப்ட்வேர் ‘சென்சார்’ என்று ஒன்றை எண்ணுகிறது. கம்பி முளைத்த கருவி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். சென்சார் என்பது ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஸ்விட்சைப் பார்த்து ‘இருக்கிறாயா’ என்றால் ஒரு சென்சார். மைக் மூஸ் சும்மா கொடுத்தாரே, அதே கேள்விதான்; இங்கே கணக்கில் ஏறும். அந்த ஸ்விட்சின் 24 போர்ட்டிலும் என்ன ஓடுகிறது என்று பார்த்தால் இன்னும் 24. முதல் 100 சென்சார் இலவசம் என்று தாராளமாக அறிவித்திருக்கிறார்கள். கருவி ஒன்றுக்குச் சுமார் 10 சென்சார் ஆகும் என்று அவர்களே சொல்வதையும் சேர்த்துப் படித்தால் அந்தத் தாராளம் பத்துப் பெட்டியோடு முடிந்துவிடும்.

இதை உங்கள் களத்தில் இறக்கிப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று குழாயைக் குத்தினால் ஒரு சென்சார். கருக்காய் பார்த்தால் ஒன்று. தூசி ஒன்று. நிறம் மங்கியிருக்கிறதா, அது ஒன்று. தராசைப் பார்த்தால் ஒன்று, பட்டியல் போட்டால் ஒன்று. ‘முதல் ஐந்து மூட்டைக்கு மாமூல் இல்லை’ என்று வாசலில் போர்டு வைத்துவிடுங்கள். ஜனங்கள் உங்களை வாழ்த்துவார்கள். குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்பவருக்கு எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது என்றே தெரியாது.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து சோலார்விண்ட்ஸ் கம்பெனி நெடுங்காலம் வைத்திருந்த முறை இன்னும் லட்சணமானது. கருவிகளை எண்ணு, போர்ட்டுகளை எண்ணு, டிஸ்குகளை எண்ணு. மூன்றில் எது அதிகமோ அந்த எண்ணிக்கைக்கு லைசென்ஸ் வாங்கு. உங்களால் கனவிலாவது முடியுமா? குழியை எண்ணு, மூட்டையை எண்ணு, நெல்மணியை எண்ணு, எது பெரிதோ அதற்கு மாமூல் என்று?

ஆனால் குருநாதர் என்று ஒருவரைக் கும்பிட வேண்டுமென்றால் நியூயார்க்கில் இருக்கும் டேட்டாடாக் கம்பெனியைத்தான் கும்பிட வேண்டும். அவர்கள் பட்டியலில் ஒரு சர்வரைக் காவல் காக்க மாதம் 15 டாலர் என்பது ஆரம்ப நிலை விலை. அதுவும் வருடக் கணக்கில் கையெழுத்துப் போட்டால். எத்தனை சர்வர் என்று எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? மாதத்தின் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ஓடின என்று குறித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை உச்சத்தில் இருந்த ஒரு சதவீத மணிகளைப் பெருந்தன்மையோடு தள்ளிவிடுவார்கள். மிச்சத்தில் எது அதிகமோ அதுதான் மாதம் முழுவதுக்கும் பில். ஒரு சதவீதம் என்பது மாதத்துக்கு ஏழு மணி நேரம். ரிசல்ட் வருகிற நாளில் ஒரு கல்லூரி எட்டு மணி நேரத்துக்குக் கூடுதலாகச் சர்வர் ஓட்டினால் போச்சு, முப்பது நாளும் அவை ஓடியதாகக் கணக்கு. தை மாசத்தில் ஒரு நாள் உங்கள் நிலையத்துக்கு ஆயிரம் மூட்டை வந்தது என்பதற்காக மாசம் பூராவும் தினம் ஆயிரம் மூட்டைக்கு மாமூல் கேட்டுப் பாருங்கள். கூண்டோடு மறியலில் உட்கார்ந்துவிடுவார்கள். டேட்டாடாக்குக்கு மறியல் கிடையாது. 2025 ஜூலையில் அது எஸ் அண்ட் பி 500 பட்டியலில் ஏறியது. அமெரிக்காவின் ஆகப்பெரிய கம்பெனிகள் உட்காரும் பந்தி அது. உங்களுக்கு நீதிமன்றம் கொடுத்த பட்டம் மேலே இருக்கிறது, திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு டேட்டாடாக் போட்ட பில் 6.5 கோடி டாலர் என்று 2023இல் தொழில் வட்டாரம் வாயைப் பிளந்தது. கிரிப்டோ வியாபாரம் செய்யும் காயின்பேஸ்தான் அது என்று பேச்சு. அவர்கள் கட்டுவார்கள். நம் கணக்குக்கு வருவோம்.

2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டை 1,018 ரூபாய். டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆக ஒரு சர்வருக்கு மாதம் 1,350 ரூபாய், அதாவது ஒன்றேகால் மூட்டைக்கு மேல் நெல். நூறு சர்வர் வைத்திருக்கிற ஒரு நடுத்தர நிறுவனம் மாதாமாதம் 1,35,000 ரூபாய் கட்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 1,59,300. மூட்டைக் கணக்கில் 156. நன்றாக விளைந்தாலும் ஏக்கருக்கு அறுபது மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, புகையானுக்கு மருந்தடித்து, வடகிழக்குப் பருவமழையில் மூழ்காமல் தப்பித்து ஐந்து மாதத்தில் வீடு வந்து சேருகிற இரண்டரை ஏக்கர் சம்பாவை, ‘சர்வர் இருக்கிறதா’ என்று கேட்கிற வேலை ஒரே மாதத்தில் தின்றுவிடுகிறது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் தின்பதும் ஏறும். நெல் விலையை ஏற்றத்தான் டெல்லியில் கமிஷன், சென்னையில் அமைச்சரவை, நடுவில் உண்ணாவிரதம் எல்லாம் வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் ஒருமுறை காசு கட்டினால் அந்த லைசென்ஸ் நிரந்தரம். அந்த வழக்கத்தையும் ஒழித்துக்கட்டுகிறார்கள். பிராட்காம் கம்பெனி 2023 நவம்பரில் விஎம்வேர் என்னும் சாஃப்ட்வேர் கம்பெனியை வாங்கியது; டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. பெஸ்லரும் சந்தாவுக்கு மாறிவிட்டது. போன வருடம் விற்ற மூட்டைக்கு இந்த வருடமும் மாமூல் கட்டு, இல்லாவிட்டால் போன வருடம் தின்ற சோறு செல்லாது என்று சொல்கிற துணிச்சல் உங்களுக்கு உண்டா?

காவலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கும்பகோணத்தில் 1904இல் பிறந்த சிட்டி யூனியன் வங்கியில், நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உதவும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் 2018 பிப்ரவரியில் திருடர்கள் புகுந்தார்கள். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்குப் பணம் அனுப்ப உத்தரவு போட்டார்கள். மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். உறுதிச்சீட்டு அச்சாகக் கூடாது என்று பிரிண்டரை முதலில் முடக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர்களின் கண்ணில் பட்டது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் நின்றது. திருடனுக்கு இருட்டு வேண்டாம், லைன் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்தப் பயத்துக்குச் சட்டமும் வந்தது. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவு போட்டது: கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அசம்பாவிதம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நியாயமான உத்தரவு. ஆனால் பதிவேட்டை உள்ளே வாங்கிச் சேர்ப்பதற்கு ஜி.பி. கணக்கில் விலை போட்டு வளர்ந்த வியாபாரம் ஒன்று ஏற்கெனவே கடை விரித்துக் காத்திருந்தது. அதில் முன்னோடியான ஸ்ப்ளங்க்கை 2024இல் சிஸ்கோ 2,800 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உங்களுக்கு அரசாங்கம் விஜிலன்ஸ் ரெய்டு அனுப்புகிறது. அவர்களுக்கு அரசாங்கமே வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிறது.

சரி, இவ்வளவு கொடுத்து வைத்த காவல்காரன் யோக்கியனா? 2020 டிசம்பரில் வெளியே வந்த கதை உலகத்துக்கே தெரியும். சோலார்விண்ட்ஸ் அனுப்பிய அப்டேட்டுக்குள்ளேயே உளவாளிகள் தங்கள் நிரலை ஒளித்து அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள், அமெரிக்க நிதித்துறை உட்பட. அந்தக் கம்பெனியின் பாஸ்வேர்டு ஒன்று ‘சோலார்விண்ட்ஸ்123’ என்று பொதுவெளியில் கிடந்ததும் அப்போது தெரியவந்தது. உளவாளிகள் அந்த வழியாகத்தான் வந்தார்கள் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டபோது அதன் முன்னாள் தலைமை அதிகாரி கையைக் காட்டியது பயிற்சிக்கு வந்த ஒரு மாணவரை. மாட்டினால் சுமைதூக்கியைக் காட்டுகிற பழக்கம் நம்மூரில் மட்டும் இல்லை, அண்ணே. வேலி பயிரை மேய்ந்த கதையை நாம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். வேலிக்குப் பயிர்க்காரனே வருடச் சந்தா கட்டியதாக எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

நம்மூர்ப் பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1996இல் அட்வென்ட்நெட் என்று அவர்கள் தொடங்கியதே நெட்வொர்க் மேலாண்மைச் சாஃப்ட்வேருக்குத்தான். இன்றைய ஆப்மேனேஜர் சென்சாரை எண்ணுவதில்லை, போர்ட்டை எண்ணுவதில்லை, கருவியை மட்டும் எண்ணுகிறது. ஊர்ப்பாசத்துக்காக ஒரு மதிப்பெண் கூட்டிப் போடலாம். எண்ணுவது எண்ணுவதுதான்.

எண்ணாதவர்களும் இருக்கிறார்கள். லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ், பலர் கூடி வளர்க்கும் லிப்ரெஎன்எம்எஸ், 1999லிருந்து ஓடுகிற நாகியோஸின் அடிப்படைப் பதிப்பு. ஆயிரம் கருவி, லட்சம் கேள்வி, லைசென்ஸ் காசு சுழியம். ‘ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டுமே, அதுவும் செலவுதானே?’ என்று விற்பனைப் பிரதிநிதி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்பார். ஆமாம், ஆள் வேண்டும். வல்லத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் சாலையோரம் பூராவும் இன்ஜினீயரிங் கல்லூரி. படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே டைடல் நியோ பார்க் திறந்தாயிற்று. அந்த 1,59,300 ரூபாயில் அந்தப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரை இங்கேயே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கலாம். அவர்கள் வாங்குகிற சம்பளம் கீழவாசல் மளிகைக் கடையில் செலவாகும். நியூயார்க்கில் ஆகாது.

ஏன் நடப்பதில்லை? மத்திய அரசு 2015லேயே கொள்கை வெளியிட்டது. அரசு டெண்டர்களில் இப்படிப்பட்ட திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை கொடு, ஒதுக்கினால் காரணம் எழுது என்று. டெண்டர் எழுதுகிறவர் அதை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு இரண்டு வரி சேர்க்கிறார். ‘கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் முன்னணிக் கட்டத்தில் இருக்க வேண்டும்.’ ‘தயாரிப்பாளரின் அத்தாட்சிக் கடிதம் இணைக்க வேண்டும்.’ இலவசம் வாசலிலேயே உதிர்ந்துவிடும். ஒரு பைசா கைமாறாமல் கூட இது நடக்கும் என்பதுதான் கொடுமை. விலை உயர்ந்ததை வாங்கிக் கெட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். சும்மா கிடைத்ததை வாங்கிக் கெட்டால் விசாரணை வரும்.

இந்தக் கம்பிகள் இப்போது கிராமத்துக்கும் வந்துவிட்டன. நாடு முழுக்க 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. நல்லது. எங்கே பெட்டி போகிறதோ அங்கே அதை எண்ணுகிறவனும் பின்னாலேயே போவான். குறுவைக்கு உரம் வாங்க மனைவியின் தாலிச்சங்கிலியைச் சங்கத்தில் அடகு வைக்க வருகிறவனின் ரசீதில், என்றைக்காவது ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி கூடும். நீங்கள் நாற்பது ரூபாய் கேட்டால் அவன் உங்கள் சட்டையைப் பிடிக்கலாம், செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடலாம், விஜிலன்சுக்குப் போன் அடிக்கலாம். அந்த ஒரு வரிக்கு யார் சட்டையைப் பிடிப்பான்? நியூயார்க்கில் இருக்கிறவர் சட்டை எட்டாது. டெண்டரில் அந்த இரண்டு வரியைச் சேர்த்தவர் சட்டை எட்டும், அண்ணே. அவர் இங்கேதான் இருக்கிறார். பத்தரை மணிக்கு ஆபீசுக்கு வருவார்.