திருச்சி விமான நிலையம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மதுரை எவ்வளவு பெரிய ஊர்! ஆனால் சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் எல்லாம் திருச்சியில்தானே இறங்குகின்றன. இது என்ன நியாயம்?
(மதுரை வாசகர்)

பதில்: ஊரின் பெருமையைப் பார்த்து விமானம் வருவதில்லை ஐயா, ஒப்பந்தத்தைப் பார்த்து வருகிறது. எந்த நாட்டு நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம் என்று இரண்டு அரசுகளும் பேசிக் கையெழுத்துப் போட்டால்தான் சக்கரம் தரையைத் தொடும். 2000களின் தொடக்கத்தில் ஆசியான் நாட்டு விமான நிறுவனங்களுக்கு இந்தியா 18 ஊர்களைத் தாராளமாகத் திறந்துவிட்டது. கயா, வாரணாசி, கஜுராஹோ என்று நீளும் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது திருச்சி ஒன்றுதான். ஸ்கூட், ஏர் ஏசியா, பாட்டிக் ஏர் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. சென்னைக்குத் தனிக் கணக்கு உண்டு. மதுரை பட்டியலில் இல்லை.

வாசல் திறந்தால் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தாத்தா காலத்திலிருந்தே மலேயாவோடும் சிங்கப்பூரோடும் கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பங்கள் ஏராளம். அந்தக் கூட்டம்தான் திருச்சியை நிரப்புகிறது. அதில் பாதி உங்கள் மதுரைச் சீமை ஜனம் என்பதால் உங்கள் கோரிக்கை முழுக்க நியாயமானது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலைத் திருத்தி எழுத வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் எமிரேட்ஸ் ஏன் திருச்சிக்கு வருவதில்லை? துபாய்க்குப் போகிறவர்கள் இங்கே குறைவா?
(மன்னார்குடி வாசகர்)

பதில்: குறைவே இல்லை. தடுப்பது அதே ஒப்பந்தம்தான். அமீரக நிறுவனங்கள் இறங்கலாம் என்று அனுமதித்த இந்திய ஊர்களில் திருச்சியின் பெயர் இல்லை. கொச்சியும் கோழிக்கோடும் திருவனந்தபுரமும் உள்ளன. ஆகவே இங்கிருந்து துபாய், ஷார்ஜாவுக்கு நேராகப் போக இந்திய நிறுவனங்களை மட்டுமே நம்ப வேண்டும். இல்லையென்றால் கொழும்பு சுற்றிப் போகலாம், கொச்சிக்கோ சென்னைக்கோ இரவெல்லாம் பஸ் ஏறலாம். போட்டி இல்லாத இடத்தில் டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று தீபாவளிக்கு ஊர் வர நினைக்கும் கட்டடத் தொழிலாளியைக் கேளுங்கள். வரும் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் டெல்டா மாவட்டத்தார் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: புது முனையத்தைப் பார்த்தீர்களா? எப்படி?
(உறையூர் வாசகி)

பதில்: நன்றாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் 11 முதல் பயணிகள் புழக்கத்துக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பேர், நெரிசல் நேரத்தில் ஏறத்தாழ 3,500 பேர் என்பது கணக்கு. திருவரங்கத்துக் கோபுர வண்ணங்களும் கோலமும் கட்டடத்தில் இறங்கியிருப்பதில் ஊர்க்காரர்களுக்கு உள்ள பூரிப்பு நியாயமானது. ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்த 3,500ஐத்தான். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டி அடுத்தடுத்து வந்து போகின்றன. ஆண்டுக் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரவு ஒரு மணிக்கு இமிகிரேஷன் வரிசை நகர்கிறதா என்பதே பயணிக்கு முக்கியம். பழைய முனையத்தில் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இந்த விசாலத்தின் அருமை தெரியும்.

கேள்வி: முனையம் பெரிதாகிவிட்டது. லண்டனுக்கு நேர் விமானம் எப்போது?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஓடுபாதை நீண்ட பிறகு. இப்போது அதன் நீளம் 8,136 அடி. சென்னையின் பெரிய ஓடுபாதை 12,000 அடி. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்களுக்குத் திருச்சியில் உள்ளது போதும். பத்து மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமந்து பெரிய விமானம் கிளம்ப, அதுவும் திருச்சி வெயிலில், இன்னும் ஓட இடம் வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் அதனால் குறையும். 12,500 அடியாக நீட்டும் திட்டம் உண்டு. ராணுவ நிலம், பட்டா நிலம் என்று நிலமெடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நிலம் கொடுப்பவர்களுக்கு நல்ல விலை கொடுத்து வேலையை முடிப்பதே மரியாதை.

கேள்வி: ஓடுபாதையில் 09, 27 என்று எழுதியிருக்கிறதே?
(திருவெறும்பூர் மாணவி)

பதில்: திசை. 09 என்றால் 90 டிகிரி, கிழக்கு நோக்கி. 27 என்றால் 270, மேற்கு நோக்கி. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். ஒரே பாதைக்கு இரு முனைகள், இரண்டு எண்கள்.

கேள்வி: 2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் திருச்சி வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததே. பழுது என்றால் உடனே இறங்க வேண்டியதுதானே?
(மணப்பாறை வாசகர்)

பதில்: அன்று, 11ஆம் தேதி மாலை, 141 பயணிகளோடு அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது. டிவி முன்னால் ஊரே உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. கிளம்பியவுடன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. ஆனால் தொட்டி நிறைய எரிபொருள். அவ்வளவு எடையோடு இறங்கினால் சக்கரமும் பிரேக்கும் தாங்குவது கடினம். சில பெரிய விமானங்கள் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும், போயிங் 737இல் அந்த வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். விமானிகள் அதைத்தான் பொறுமையாகச் செய்தார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்து நிற்க, ஒருவருக்கும் காயமின்றி இறக்கினார்கள். விமானி அறையில் இருந்தவர்களுக்கும் தரையில் நின்றவர்களுக்கும் என் வணக்கம்.

கேள்வி: சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போகிறேன். மசாலா, ஊறுகாய் கொண்டுபோகலாமா?
(அறந்தாங்கி வாசகி)

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா. கசகசாவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அமீரகத்திலும் தடை. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் சாமான், அங்கே கேஸ். அரைத்த மசாலாப் பொடியில் சேர்ந்திருந்தாலும் எடுத்துப்போக வேண்டாம். புகையிலை, பான் மசாலாவும் கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லி விதியில் மாட்டும். பெரிய பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும்.

எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கவுன்டர் முன்னால் பெட்டியைத் தரையில் திறந்து, நைலான் கயிற்றை அவிழ்த்து, முறுக்குப் பொட்டலத்தை எடுப்பதா மிளகாய்த் தூளை எடுப்பதா என்று அம்மாக்கள் தவிப்பது அங்கே அடிக்கடி பார்க்கும் காட்சி. இன்னொன்று, சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. மலேசியாவுக்கும் இதே போன்ற அட்டை உண்டு, அதுவும் இலவசம்தான்.

கேள்வி: அப்பத்தாவுக்கு மூட்டுவலி. சக்கர நாற்காலி கேட்டால் தருவார்களா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் காத்திருக்க நேரும். பாஸ்போர்ட்டையும், போய்ச் சேரும் வீட்டின் முகவரியும் போன் நம்பரும் எழுதிய தாளையும் அப்பத்தாவின் சுருக்குப் பையிலேயே வையுங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் கவனிக்க வேண்டியது?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: மூன்றெழுத்துக் குறியீடு. திருச்சிக்கு டி.ஆர்.இசட். டி.ஆர்.வி. என்று இருந்தால் அது திருவனந்தபுரம்.

கேள்வி: யாழ்ப்பாணத்துக்கு இங்கிருந்து விமானம் உண்டாமே?
(ஸ்ரீரங்கம் வாசகி)

பதில்: உண்டு. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ தொடங்கியது. எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.டி.ஆர். சிறு விமானம், அங்கே பலாலியில் இறங்கும். போர்க்காலத்தில் சொந்தபந்தம் பிரிந்து, கொழும்பு சுற்றியே வந்து போனவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். புறப்படும் நாளையும் நேரத்தையும் மட்டும் டிக்கெட் போடும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தம்பிக்கு மலேசியாவில் வேலை என்கிறார் ஏஜென்ட். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். நம்பலாமா?
(பேராவூரணி வாசகி)

பதில்: நம்பாதீர்கள். விசிட் விசாவில் வேலை பார்த்தால் பிடிபடுவது தம்பி, ஏஜென்ட் அல்ல. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘குடியகல்வு அனுமதி தேவை’ என்ற முத்திரை இருக்கும். அந்த பாஸ்போர்ட்டோடு மலேசியா, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி வாங்கும்போது சம்பளம், முதலாளி, ஒப்பந்தம் எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவே பின்னால் தம்பிக்குக் காப்பு. விசிட் விசாவில் அனுப்பும் ஏஜென்ட் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான்.

நகையை அடகு வைக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அந்த ஏஜென்ட்டின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தம்பியை அனுப்பாதீர்கள்.