வார்ப்புரு வாத்தியார்

இசைக்கருவிகளுக்கென்று ஒரு விக்கியை யார் தொடங்கினாலும், முதல் வாரத்திலேயே வந்து சேருகிற ஆசாமி ஒருவர் உண்டு. பழைய சின்தசைசரும் டிரம் மெஷினும் வைத்திருப்பவர்கள், அவற்றைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் ஆளுக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிச் சேர்ப்பது என்பதுதான் ஏற்பாடு. ஒரு கட்டுரைகூட வந்திருக்காது. நம்மவர் அதற்குள் பகுப்புகளை உண்டாக்கி முடித்திருப்பார். 'மின்னணு இசைக்கருவிகள்', அதன் கீழே 'விசைப்பலகைக் கருவிகள்', அதன் கீழே 'ஜப்பானிய விசைப்பலகைக் கருவிகள்', அதற்கும் கீழே 'பத்தாண்டு வாரியாக ஜப்பானிய விசைப்பலகைக் கருவிகள்'. கடைசிப் பகுப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஈ காக்காய் இல்லை. அடுத்து தகவற்பெட்டி வார்ப்புரு, அதாவது எல்லாப் பக்கத்திலும் ஒரே அச்சில் வரும் விவரக் கட்டம். அதன் தலைப்புப் பட்டை சாம்பல் நிறமா, இளநீலமா என்று ஒரு வாக்கெடுப்பு. பிறகு 'டிஆர்-808' என்ற டிரம் மெஷினின் பெயரில் நடுக்கோடு வேண்டுமா வேண்டாமா என்று உரையாடல் பக்கத்தில் ஒரு பட்டிமன்றம். நடுவரும் அவரே, இரு அணித் தலைவர்களும் அவரே. இவருக்கு வார்ப்புரு வாத்தியார் என்று பெயர் வைத்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அவர் மட்டும் 'வார்ப்புரு'வுக்கும் 'வாத்தியாரு'க்கும் நடுவே இடைவெளி வருமா என்று கேட்பார்.

வாத்தியார் கெட்டவரல்லர். பணம் வாங்குவதில்லை, தூங்குவதில்லை, யாரையும் 'நீ' என்று சொன்னதில்லை. அவர் செய்யும் சேதத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு பக்கத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ரோலண்டு நிறுவனத்தின் ஜூனோ-106, 1984இல் வந்த கருவி. ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் 80017ஏ என்ற சிப் ஒன்று. அதன் மேல் பூசிய ரெசின் பூச்சு வயதாக ஆகச் சிப்பையே கெடுத்துவிடும். இதைப் பற்றி ஒரு மெக்கானிக் இப்படி எழுதிப் போடுகிறார் என்று வையுங்கள்: "வரிசையா வாசிச்சா ஆறு நோட்டுக்கு ஒரு நோட்டு கரகரன்னு வந்தா வாய்ஸ் சிப் போச்சுன்னு அர்த்தம். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கிட்டே ஆன் பண்ணுங்க, எந்த வாய்ஸ்னு டிஸ்பிளேல நம்பர் காட்டும். சிப்பைக் கழட்டி அசிட்டோன்ல ஊறப் போட்டா பூச்சு உரிஞ்சிடும். பல கேஸ்ல உயிர் வந்திருக்கு." நான்கே வரி, ஒரு கருவியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும் நான்கு வரி. சில நிமிடங்களில் பக்கத்தின் தலையில் மூன்று அறிவிப்புப் பலகைகள் ஏறுகின்றன: நடை திருத்தம் தேவை, சான்று தேவை, பேச்சுவழக்கு. கூடவே ஒரு மடலும்: "வணக்கம் ஐயா. தங்கள் பங்களிப்புக்கு மிக்க நன்றி. நமது நடைக் கையேட்டின்படி 'சிப்' என்பதைச் 'சில்லு' என்றே எழுதி வருகிறோம். தாங்கள் மணல்தொட்டியில் சிறிது பழகிவிட்டு வரலாமே." 'சரிங்க சார்' என்று பதில் எழுதிவிட்டுப் போன மெக்கானிக் போனவர்தான். சான்று கேட்டவருக்கு ஒன்று தோன்றவில்லை: அந்த மனிதரின் கைதான் சான்று.

நான் சொல்ல வருவது ஒழுங்கே வேண்டாம் என்பதல்ல. வடிவம் முந்திக்கொண்டால், அது தனக்குள் அடங்குகிற சரக்கை மட்டுமே உள்ளே விடும் என்பதுதான் என் வழக்கு. யமஹா டிஎக்ஸ்7க்கான தகவற்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1983, விசைகள் 61, ஒரே நேரத்தில் ஒலிப்பவை 16, ஆபரேட்டர்கள் 6, அல்காரிதங்கள் 32. கட்டம் கட்டமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இவை அத்தனையும் கம்பெனிக்காரன் விளம்பரத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டான். வைத்திருப்பவனுக்கு வேண்டியது வேறு. இதன் பேட்டரி போர்டில் சால்டர் செய்யப்பட்டது; அது தீர்ந்தால் சேமித்து வைத்த 32 ஒலிகளும் போய்விடும்; மாற்றுவதற்கு முன் மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி) வழியாக அவற்றை வேறிடத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இந்தக் கருவி மிடியில் 1ஆம் சேனலில் மட்டுமே அனுப்பும். வேறு சேனல் தேடிப் பொத்தான்களைக் குடைந்து பயனில்லை. பெட்டியில் இதற்கெல்லாம் கட்டம் ஏது? கருவி எப்படிக் கெடும் என்று எந்த விளம்பரத்தாளும் சொல்லாது. அந்தத் தாளைப் பார்த்து வார்த்த வார்ப்புருவும் கேட்காது.

இந்த நோய் விக்கியோடு பிறந்ததல்ல. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1957இல் வந்த தம் நூலில் ஒரு குழுவை வைத்துக் கேலி செய்தார். அணு உலைக்கான கோடிக்கணக்கான செலவு பேச்சில்லாமல் நிறைவேறிவிடும். சைக்கிள் கொட்டகைக்கு என்ன கூரை போடுவது என்பதில் எல்லோரும் எழுந்து நின்று வாதாடுவார்கள். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 80017ஏ சிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அதைக் கழற்றியிருக்க வேண்டும். நடுக்கோட்டைப் பற்றிச் சொல்லக் கண் இருந்தால் போதும்.

வாத்தியாரின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஒழுங்கு விரும்பிகள் இல்லையென்றால் மின்னணு இசையே நடந்திருக்காது, மிடியே ஒரு வடிவ ஒழுங்குதானே என்பார். உண்மைதான். சின்தசைசர் கம்பெனி நடத்திய டேவ் ஸ்மித்தும் ரோலண்டு நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே பேச்சுக்குக் கொண்டுவந்ததால்தான் 1983இல் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் முன்னவர் கம்பெனியின் புராபெட்-600உம் பின்னவர் கம்பெனியின் கருவியும் ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கருவிகள் பேசிக்கொள்ள எது கட்டாயம் வேண்டுமோ அதை மட்டும் பொதுவாக்கினார்கள். நடு 'சி'க்கு 60 என்று எண் கொடுத்தார்கள். பேர் என்ன என்பதில் எல்லோரையும் ஒரே வழிக்குக் கொண்டுவர முயலவில்லை. இன்றுவரை அதே சுரத்தை யமஹா 'சி3' என்கிறது, ரோலண்டு 'சி4' என்கிறது. வாத்தியார் இதைப் பார்த்துச் சும்மா இருப்பாரா? சீர்மை கருதி எல்லாப் பக்கங்களிலும் 'சி4' ஆக்கிவிடுவார். பக்கங்கள் பளிச்சென்று இருக்கும். அதை நம்பித் தன் யமஹாவில் 'சி4' என்று வைத்தவர் ஒரு ஸ்தாயி மேலே போய் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்தில் மட்டும் தப்பு எழுதியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எல்லாப் பக்கமும் சீராக இருப்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இன்னொரு ஆட்சேபம்: பகுப்பு இல்லாமல் ஆயிரம் பக்கங்களில் எதைத் தேடுவது? விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. பகுப்பு என்ற வசதி அதற்கு 2004இல்தான் வந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் 2 லட்சம் கட்டுரைகளைத் தாண்டியிருந்தார்கள். சோறு ஆன பிறகுதான் இலை போட்டார்கள், பந்தியும் நடந்தது. பெயர்க் குழப்பத்துக்கோ வழிமாற்று என்ற எளிய மருந்து இருக்கிறது: 'டிஆர்808', 'டிஆர்-808', வெறும் '808', எதைத் தட்டினாலும் ஒரே பக்கத்துக்கு வரும். பட்டிமன்றம் தேவையே இல்லை. எழுத்துப்பிழை திருத்த வருகிறவர்தான் நாளை கட்டுரை எழுதுவார் என்றும் சொல்வதுண்டு. சிலர் அப்படி வளர்ந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. வாத்தியாரோ வளர வந்தவரல்லர், பத்தாயிரம் தொகுப்புகளுக்குப் பிறகும் நடுக்கோட்டிலேயே நிற்கிறார். நடுக்கோடு மாற்றும் வேலையை இப்போது ஒரு தானியங்கி ராத்திரியோடு ராத்திரியாக எல்லாப் பக்கங்களிலும் முடித்துவிடும். ஆறாவது சுரம் கரகரப்பதை அது கேட்காது.

(மின்னணுச் சுருதிப்பெட்டி இசைக்கருவியா, துணைக்கருவியா என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அடுத்த பொங்கல் வரை அந்த விக்கியில் வேறு வேலை நடக்காது.)

ஆகவே கருவி வைத்திருக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கீபோர்டில் எந்த பேட்டரி மாற்றினீர்கள், எந்த விசை சிக்கியது, எதைத் துடைத்ததும் சரியானது என்பதை உங்களுக்கு வரும் தமிழில், தலைப்பும் பகுப்பும் இல்லாமல், அப்படியே எழுதிப் போட்டுவிடுங்கள். ஒற்று விட்டுப்போனால் போகட்டும். அதற்கு ஆள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.