சீருடைப் படம்

1996இல் எங்கள் ஊரில் கேணல் ஃபஸ்லி லாபிரின் படத்தை வீட்டில் வைத்திருக்கப் பயந்தோம். 2019இல் அதே படத்தை ஊருக்கெல்லாம் காட்டத் துடித்தோம். இரண்டு காலத்தையும் கல்முனைக்குடியில் இருந்தே பார்த்தவன் நான்.

லாபிர் எங்கள் கரையைச் சேர்ந்தவரல்லர். முதலாவது விசேட படையணியின் கட்டளை அதிகாரி. 1996 ஜூலை 18 அதிகாலை முல்லைத்தீவு முகாமைப் புலிகள் தாக்கினார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் மாண்ட சமர் அது. முற்றுகையில் சிக்கியவர்களை மீட்கப் போய் இறங்கியவர், காயப்பட்ட பிறகும் கட்டளையிடுவதை விடாமல், 19ஆம் திகதி களத்திலேயே விழுந்தார். அப்போது லெப்டினன்ட் கேணல். கேணல் தரமும், நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணயவும் இறந்த பின் வந்தவை.

பேப்பரில் வந்த அவருடைய படத்தை வெட்டி, அட்லஸ் உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். உம்மா கண்டுவிட்டா. "இத ஊட்டுக்குள்ள வெச்சிராத மகன், வாப்பா வயலுக்குப் போய் வாற மனிசன்" என்றா. வயல் மேற்கே; இராணுவச் சாவடியைத் தாண்டினால் புலிகளின் கை ஓங்கிய இடம். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதையெல்லாம் மறக்க ஆறு வருடம் போதுமா? பொலிஸிலோ படையிலோ பிள்ளை இருந்த வீடுகளில் சீருடைப் படங்கள் சுவரிலிருந்து இறங்கி அலுமாரியின் அடித்தட்டுக்குப் போயின. நியமனக் கடிதத்தையும் சான்றிதழையும் சேர்த்து அடுப்பில் போட்டவர்களும் உண்டு.

அடித்தட்டில் தப்பியதைக் கடல் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோர வீடுகள் அலுமாரியோடு போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். பிள்ளைகளைத் தேடிய நாட்களில் கடதாசியை யார் தேடினார்கள்?

என் அட்லஸ் தப்பியது. துண்டைப் பிரித்தால் மடிப்புக் கோடு தொப்பிக்குக் கீழே நெற்றியைக் கிழித்துக்கொண்டு போகிறது. பின்பக்கம் பாதிச் சாரி விளம்பரம். அதிலிருந்துதான் என் சேகரிப்பு வளர்ந்தது: பத்திரிகைத் துண்டுகள், விருதுக்கான காரணம் சொல்லும் பாராட்டுரையின் பிரதி, படையணி நினைவுமலர்களில் வந்த படங்கள். எனக்குப் பெரிது பாராட்டுரைதான். பதக்கம் ஒருவன் வீரன் என்று மட்டும் சொல்லும். எந்த நாள், எந்த இடத்தில், யாரைக் காக்க என்ன செய்தான் என்று சொல்வது அந்தக் கடதாசி.

2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்து, ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தபின் என் கைபேசிக்கு ஒரே வாரத்தில் அந்தப் படம் பல முறை வந்தது. கீழே, நாங்களும் இந்த நாட்டுக்கு உயிர் கொடுத்தவர்கள் என்ற பொருளில் நாலு வரி. அனுப்பியவர்களின் பயம் எனக்குத் தெரியும். சோதனையில் பையைக் கொட்டிக் காட்டிய தாய்மாரை நானும் பார்த்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தன் ஆட்களை மீட்கப் போய் இறந்த மனிதனை முஸ்லிம் சமூகத்தின் நற்சான்றிதழாக நீட்டுவது அவருக்கும் நியாயமில்லை, எங்களுக்கும் நியாயமில்லை. குண்டு வைக்காதவனுக்கு அதை நிரூபிக்க ஒரு கேணலின் படம் ஏன் தேவைப்பட வேண்டும்?

பாண்டிருப்பில் எனக்குத் தமிழ்க் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அதே சீருடை அவர்கள் வாசலுக்கு வேறு விதமாக வந்தது. காணாமல் போன அண்ணனின் படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டில் உட்கார்ந்து லாபிரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர்கள் கேட்டார்கள், நானும் அவர்கள் சொன்னதைக் கேட்டேன். அந்தப் படங்களும் அழியக் கூடாது.

கல்முனையிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சீருடைப் படம் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, பெயர், ஊர், வருடம் மூன்றையும் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரமாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.