ஓடுகிறார், எழுதுவார்

ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி நாவல் எழுதும் காலத்தில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவார். பிற்பகலில் 10 கிலோமீட்டர் ஓட்டம் அல்லது 1,500 மீட்டர் நீச்சல். இரவு 9 மணிக்குப் படுக்கை.

இதைப் படித்த நம்மூர் எழுத்தாளர் முதலில் வாங்கியது ஷூ. அடுத்து, நாடித்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம். நோட்டுப் புத்தகம் இன்னும் வாங்கவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடி, சுண்டக் காய்ச்சிய காபி குடித்து, ஓடிய தூரத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏற்றி முடிப்பதற்குள் ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது.

“ஓடும்போதுதான் சார் கதைக்கரு உருவாகுது” என்கிறார். முரகாமியோ, ஓடும்போது உருப்படியாக எதையும் யோசிப்பதில்லை என்று புத்தகமே எழுதிவிட்டார்.

முரகாமியின் அட்டவணையில் எவரும் கண்டுகொள்ளாதது அந்த இரவு 9 மணிதான். எழுத வேண்டுமென்றால் எதையாவது விட வேண்டும். முரகாமி தான் நடத்திவந்த ஜாஸ் பாரையே 1981-இல் விற்றுவிட்டுத்தான் முழுநேரம் எழுத வந்தார். நம்மவர் விட வேண்டியது இரவு பத்து வரை நீளும் இலக்கியக் கூட்டம் மட்டும். எப்படி விடுவார்? நன்றியுரை அவருடையதாயிற்றே!